செல்லாத்தாளுக்கு என்ன வேண்டும்

ஆவணி 4, புதன்

காலையில் தூறல். பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். கோழிப்பண்ணைக்குத் தூறலும் ஆகாது, வெயிலும் ஆகாது. கோழியெல்லாம் வாயைத் திறந்தபடி நின்றன, எங்கள் மேனேஜர் மாதிரியே.

மதியம் வரை முட்டை பிரிப்பு. பெரிது ஒரு அட்டை, சிறிது ஒரு அட்டை, கீறல் தனி. கை தானாகப் பிரிக்கும். வாய் சும்மா இருக்குமா? பதினைந்தாம் பாகம் முழுக்கச் சொல்லி முடித்தேன். யாழினியைக் கடத்தின இடத்தில் சரஸ்வதி அக்கா ஒரு முட்டையைக் கீழே போட்டுவிட்டாள். என் கதைக்குக் கிடைத்த பரிசு.

விஷயம் இதுதான். யாருக்கும் சொல்லாமல் இதில் எழுதி வைக்கிறேன். ஏழரை மணி சீரியல் பார்ப்பேன். கதாநாயகன் முகிலன், கதாநாயகி யாழினி. பங்குனியில் இரண்டு பேருக்கும் கல்யாணம் காட்டினார்கள். மூன்று வாரம் காட்டினார்கள். பூ, புகை, மேளம், மாமியார் முறைப்பது மட்டும் நாலு நாள். எல்லாம் இருந்தது. இணைச்சீர் இல்லை! மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அக்காவோ தங்கையோ ஜோடியாக நின்று, கூறைச்சேலையில் ஒரு முனையை அவன் பிடிக்க, மறு முனையை அவள் பிடிக்காமல் அது என்ன கல்யாணம்? அந்தச் சேலையைத்தானே பொண்ணு முகூர்த்தத்துக்குக் கட்டும்? கூடப்பிறந்தவள் இல்லை என்றால் பெரியப்பா மகளையாவது நிறுத்த வேண்டாமா? இத்தனை பெரிய பங்களா கட்டத் தெரிகிறது, ஓர் அக்காவை வைக்கத் தெரியவில்லை.

அதனால் நானே அவனுக்கு ஓர் அக்காவைக் கொடுத்தேன். செல்லாத்தாள். போனில் கதை எழுதுகிற ஆப்பில், ஒற்றை விரலால் தட்டித் தட்டி. என் பெயர் அங்கே ‘முட்டைக்காரி’. முகிலன், யாழினி, பங்களா எல்லாம் அவர்கள் சொத்து. செல்லாத்தாள் மட்டும் என்னுடையவள்.

ஐந்தாவது வரை படித்தவள் எழுதினால் எப்படி இருக்கும்? பண்ணையில் பில் போடும் காவேரிதான் திருத்தித் தருகிறாள். பி.காம். (இனி கா. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது.) இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கா. சொன்னது:

“தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்க செல்லாத்தா எல்லாரயும் சிரிக்க வெக்கறா. எல்லாரு பிரச்சனையும் தீத்து வெக்கறா. கடத்துனவனக்கூட மொளகாப்பொடி போட்டு மடக்கீட்டா. ஆனா அவளுக்கு என்ன வேணும்?”

“அவளுக்கென்ன. ஒரு டீ இருந்தாப் போதும்.”

“பாத்தீங்களா” என்றாள். அவ்வளவுதான். டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஆவணி 5, வியாழன்

கா. ஒரு தாளில் எழுதச் சொன்னாள். புதிதாக ஓர் ஆளை உண்டாக்கினால் முதலில் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமாம். எழுதினேன்.

பெயர்: செல்லாத்தாள்.
வயது: நாற்பத்தெட்டு. (என் வயதுதான். வேறு வயது எனக்கு எப்படித் தெரியும்?)
நிறம்: என்னைவிடச் சிவப்பு. கதைதானே.
தொழில்: சங்ககிரி பக்கம் இட்லிக் கடை. லாரிக்காரர்கள் கூட்டம்.
பிடித்தது: அடுத்தவரைக் கிண்டல் செய்வது.
பிடிக்காதது: தன்னைக் கிண்டல் செய்வது.
பயம்: பல்லி.
புருசன்: லாரி டிரைவர். லோடுக்குப் போயிருக்கிறார்.
என்ன வேண்டும்:

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. மூடி வைத்துவிட்டு வெங்காயம் உரித்தேன்.

சாயங்காலம் ஆப்பைத் திறந்தால் மழைத்துளி என்ற பெயரில் வழக்கமாக எழுதும் பிள்ளை: “முட்டைக்காரி அக்கா, செல்லாத்தா புருசன் பதினஞ்சு பாகமா லாரியிலயே இருக்காரே, டீசல் தீரலையா? தம்பி கல்யாணத்துக்காவது இறக்கி விடுங்க!” அதற்குக் கீழே எண்பது பேர் சிரித்த பொம்மை போட்டிருக்கிறார்கள்.

நானும் சிரித்தேன். பிறகு பழைய பாகங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் பாகத்தில் அசாம். மூன்றில் நாக்பூர். ஆறில் குஜராத், உப்பு லோடு. ஒன்பதில் மறுபடி அசாம். ஒவ்வொரு பாகத்திலும் போன் அடித்து “சாப்புட்டயா புள்ள?” என்று கேட்கிறார். ஒன்றில்கூட வீட்டுக்கு வரவில்லை.

வேண்டுமென்றே செய்யவில்லை. சத்தியமாக.

என்னவர் போய் ஒன்பது வருடம். லோடு இறக்கப் போன இடத்தில் வண்டிக்குள் படுத்தவர், கிளீனர் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. கடைசியாகப் போனில் கேட்டதும் அதே கேள்விதான். நான் என்ன பதில் சொன்னேன் என்று மட்டும் நினைவில்லை.

அடுத்த பாகம் கல்யாணப் பந்தல். அதற்கடுத்த பாகம் இணைச்சீர். மச்சான் வராமல் எப்படி? ஒன்று அவரை இறக்கி விட வேண்டும். இல்லாவிட்டால்.

ஆவணி 7, சனி

எதுவும் எழுதவில்லை. பண்ணையில் தடுப்பூசி போட ஆள் வந்தார்கள், கோழி கத்தி காது போயிற்று.

மதியம் செந்தில் வந்தான். என் தம்பி. முப்பத்தொன்பது வயது. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியில் பதினேழு வருடம் ஊர் ஊராகப் பூமியில் துளை போட்டவன், பதினோரு வருடம் பொண்ணு தேடி இப்போதுதான் தண்ணீர் கண்டிருக்கிறான். பதினாறாம் தேதி கல்யாணம். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. எனக்குப் பிள்ளை இல்லை, அவன்தான்.

வந்ததும் சட்டியைத் திறந்து பார்க்கிற பழக்கம் போகவில்லை.

“அக்கா, பிரேமாகிட்ட உங்கதையச் சொன்னேன். அதும் அந்த சீரியல்தான் பாக்குதாம். லிங்க்கு அனுப்பிச்சுட்டேன்.”

“அடப்பாவி. பொண்ணு கலியாணத்த நிறுத்தீருமேடா.”

“நிறுத்துனா நீதான் இன்னொன்னு தேடித் தரோணும்.”

“உனக்கா? இனி உனக்குப் பூமிக்கு அடியில தேடுனாத்தான் கெடைக்கும்.”

சிரித்துச் சிரித்துப் புரையேறியது அவனுக்கு. தலையில் தட்டினேன். முன் பக்கம் முடி கொட்டிவிட்டது. கை வைத்தால் மண்டை தட்டுப்படுகிறது.

அவன் போன பிறகுதான் நிச்சயத்தன்று நடந்தது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று எழுதுவது பொய். மறக்கவே இல்லை. பெரியப்பா தட்டு மாற்றி முடித்து, “இணைச்சீருக்கு…” என்று ஆரம்பித்து, என்னைப் பார்க்காமல் சொம்பைப் பார்த்தார். எல்லாரும் எதையாவது பார்த்தார்கள். ஒருத்தர் மின்விசிறியைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன். “எனக்கு முட்டி வலிங்க பெரியப்பா. சுமதி நிக்கட்டும். நான் ஏறி நின்னா மணவறை தாங்காதுங்க.” சபை முழுக்கச் சிரித்தது. பெரியப்பா சிரித்ததில் பெருமூச்சும் சேர்ந்து வந்தது. செந்திலும் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுமதி பெரியப்பா மகள். புருசன், இரண்டு பிள்ளை, கழுத்து நிறைய. நல்லவள்தான்.

முட்டி வலி எனக்குக் கிடையாது.

ஆவணி 8, ஞாயிறு

சேலை எடுக்க இளம்பிள்ளை ஊருக்குப் போனோம், நானும் சுமதியும். கூறைச்சேலை, இணைச்சீர் நிற்பவளுக்குப் பட்டு, மற்றதெல்லாம். பஸ்ஸில் நின்றபடி. வெயில். சுமதிக்கு வாந்தி வருகிற மாதிரி, எலுமிச்சம்பழம் வாங்கித் தந்தேன்.

வாங்கியவை: கூறை 1. பட்டு 1 (கத்தரிப்பூ நிறம்). பிரேமாவின் அம்மாவுக்கு 1. வேட்டி 4. எனக்கு ஒரு பருத்தி, சாம்பல் நிறம், நானே எடுத்துக்கொண்டேன். அழுக்குத் தெரியாது.

கடைக்காரர் வெற்றிலை வாயோடு, “இணைச்சீருக்கு நிக்கறவங்க மேலயே வெச்சுப் பாத்தரலாமுங்க” என்று கத்தரிப்பூப் பட்டைப் பிரித்து நேராக என் தோளில் போட்டுவிட்டார். மூத்தவள் நான்தானே. அவருக்கு என்ன தெரியும்.

எதிரில் ஆளுயரக் கண்ணாடி.

நல்லாத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம். நல்லாத்தான் இருந்தது.

சுமதி குனிந்து வேட்டியை எண்ணினாள். நாலு வேட்டியை எத்தனை தரம் எண்ண முடியும்?

“ஐயோ, என்ற மேல போட்டா சேலை பயந்துக்குமுங்க. அங்க போடுங்க, வயசுப்புள்ள அதுதான்” என்றேன். கடைக்காரரும் சிரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் சுமதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “நாங் கேக்குலீங்கக்கா. அப்பாதான் சொன்னாரு” என்றாள்.

“நாந்தானே சாமி நிக்கச் சொன்னேன்.”

“ஆமாங்க. நீங்க சொன்னீங்க” என்றாள். சரிபார்த்துக்கொள்கிற மாதிரி.

வீடு வந்து கால் கழுவும்போது செல்லாத்தாளை நினைத்தேன். இந்தக் கடையில் அவளை நிறுத்தினால் என்ன செய்வாள்? நான் சொன்னதையேதான் சொல்லியிருப்பாள். பதினைந்து பாகமாக நான் சொல்வதைத்தான் சொல்கிறாள். நல்ல ஆளை உண்டாக்கினேன்.

ஆவணி 9, திங்கள்

முட்டை விலை ஏறிவிட்டதாம், லாரி மூன்று வந்து நின்றது. இடுப்பு ஒடிந்தது.

நாலு மணிக்குப் பிரேமா போன். ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை. முப்பத்து மூன்று வயது, படித்த பிள்ளை, குரல் மட்டும் மெதுவாக வரும்.

“நங்கையா, நாந்தானுங்க.” நாத்தனாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. அது என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

பதினைந்து பாகத்தையும் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்து முடித்துவிட்டதாம்.

“செல்லாத்தா நீங்கதானுங்களே?”

“ச்சே ச்சே. அவ என்னயவிடக் கலரு.”

சிரிக்கவில்லை. அடுத்த கேள்வி. “செல்லாத்தா தம்பி பக்கத்துல நிப்பாளுங்களா?”

“நிக்காம? அதுக்குத்தானே அவள உண்டாக்குனதே.”

“அப்ப நீங்க?”

“குக்கரு விசிலு அடிக்குது கண்ணு. அப்பறமாப் பேசறேன்” என்று வைத்துவிட்டேன். குக்கர் அலமாரியில் இருந்தது.

ரத்தம் எடுக்கிற பிள்ளை. ஊசி எங்கே போட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஆவணி 11, புதன்

பண்ணைக்கு லீவு போட்டேன். காற்று. துணி துவைத்தது, மாவு ஆட்டியது. மதியம் போனை எடுத்து உட்கார்ந்தேன். அடுத்த பாகம்.

முதல் முயற்சி: வந்துவிட்டார். சங்ககிரி வளைவில் லாரியை ஓரங்கட்டி, தோளில் துண்டோடு இறங்கி நடந்து வருகிறார். புழுதி. இட்லிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து “தண்ணி குடு புள்ள” என்கிறார். செல்லாத்தாள் சொம்பை நீட்டினாள் என்று எழுதினேன். அவர் வாங்குகிற கையை எழுத வரவில்லை. அந்தக் கையில் கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்திருக்கும், டயர் மாற்றும்போது நசுங்கியது. அதைத் தவிர வேறு கை எனக்குத் தெரியாது. சொம்பு நீட்டியபடியே நின்றது. முக்கால் மணி நேரம்.

அழித்தேன்.

இரண்டாம் முயற்சி: வரவில்லை, வண்டி ரிப்பேர், வழக்கம்போலப் போன். மழைத்துளி சிரிக்கும். அழித்தேன்.

மூன்றாவது முயற்சி என்று ஒன்று இல்லை. தானாக வந்தது. “செல்லாத்தாள் புருசன் இனி வரமாட்டார். அவர் செத்து ஒன்பது வருடம். போனில் பேசினார் என்று ஊருக்குச் சொன்னதெல்லாம் அவளே சொல்லிக்கொண்டது. தம்பி கல்யாணத்துக்கு அவளுக்கு ஒரு வேலையும் தரவில்லை, அவளே வேண்டாம் என்று சிரித்துச் சொல்லிவிட்டாள். அவளுக்குத் தம்பி பக்கத்தில் நிற்க வேண்டும்.”

இவ்வளவுதான் பாகம். மற்ற பாகம் எல்லாம் ஐந்து பக்கம் வரும்.

கா.விடம் காட்டவில்லை. பிழையோடு அனுப்பிவிட்டேன். அனுப்பின பிறகு மாவு புளித்துவிடுமே என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆவணி 12, வியாழன்

பண்ணையில் கா. வாசலிலேயே நின்றாள். “அக்கா” என்றாள். என் பங்குக்கு அவளே இரண்டு அட்டை முட்டை பிரித்துத் தந்தாள், தப்பும் தவறுமாக.

ஆப்பில் ஒரே அடிதடி. கொஞ்சம் எழுதி வைக்கிறேன்:

“எதுக்கு அக்கா கொன்னீங்க? எல்லாரும் அழணும்னா?”

“போன பாகம் வரைக்கும் போன்ல பேசினாரே. இது ஏமாத்து.”

“இவங்க எப்பப் பாத்தாலும் தன் ஆளையே முன்னாடி நிறுத்துறாங்க. எங்களுக்கு முகிலன் யாழினி போதும்.” (இது நியாயம்.)

“தாலி அறுத்தவ எப்படி நல்ல காரியத்துல நிப்பா? அந்த ஊர் வழக்கமே தெரியாம எழுதறாங்க.” எனக்கா தெரியாது?

“தம்பி கேட்டானா? முகிலன் அவள ஒரு வார்த்தை கேட்டானா?” இதை எழுதியது புதுப் பெயர். அதை மட்டும் நாலு தரம் படித்தேன்.

மழைத்துளி: “டீசல்னு கிண்டல் பண்ணினேன். மன்னிச்சுக்கோங்க அக்கா.” அந்தப் பிள்ளைக்கு மட்டும் பதில் போட்டேன். நானும் அப்படித்தான் கிண்டல் செய்வேன் கண்ணு, என்று.

ஐந்து மணிக்குச் செந்தில் போன். மூச்சு வாங்குகிறது.

“அக்கா, என்னத்த எழுதி வெச்ச?”

“ஏன்டா?”

“பிரேமா அவங்கூட்டுல சொல்லிப்போடுச்சு. கூறைச்சேல உன்ற கையில புடிச்சு வந்தாத்தான் கட்டுமாம். இல்லீனா கட்டாதாம். சுடிதார்லயே உக்காந்துக்கறேங்குது. அவங்கம்மா அழுவுது. பெரியப்பா குதிக்கறாரு.”

“நீ என்ன பண்றே?”

“நான் என்ன பண்றதுக்கா? நடுவுல நிக்கறேன்.”

நடுவில் நிற்கிறானாம். பக்கத்தில் நிற்பதுதான் யார் என்று கேள்வி.

அந்தக் கதையை நீக்கிவிடலாமா என்று விரலை வைத்தேன். “நிச்சயமாக நீக்கவா?” என்று போன் கேட்டது. அதுவாவது கேட்கிறது. நீக்கவில்லை.

ஆவணி 13, வெள்ளி

வந்தார்கள். செந்தில் வண்டி ஓட்ட, பெரியப்பா பின்னால். பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். டீ வைத்தேன். பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார், வியர்வையே இல்லாத முகம்.

“ஏஞ்சாமி, உன்னய ஆரும் கொறவாச் சொல்லுல.”

“சொல்லுலீங்க.”

“இது இன்னிக்கு நேத்து வழக்கமில்ல. சீர் நடத்தற அருமக்காரரு ஒத்துக்கோணும். சனம் பேசும். நாளைக்கு அதுகளுக்கு ஒண்ணுன்னா உன்றமேல பழி வருமில்ல? உன்ற நல்லதுக்குத்தாஞ் சொல்றேன்.”

நான் செந்திலைப் பார்த்தேன். அவன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முப்பத்தொம்பது வயசுல ஒரு பொண்ணு அமைஞ்சிருக்குது. அது முறுக்கீட்டுப் போச்சுன்னா இவனுக்கு இன்னொண்ணு எங்க போறது? நீயே சொல்லு.”

“அது வாஸ்தவமுங்க.”

“அதனால நீயே ஒரு வார்த்த சொல்லீரு சாமி. எனக்கு வேண்டாங் கண்ணு, சுமதியே நிக்கட்டும்னு. நீ சொன்னா அந்தப் புள்ள கேட்டுக்கும். அழுவாச்சியா வேண்டாம். உம்பட பாணீல, சிரிச்சாப்பலயே சொல்லீரு.”

செந்திலைப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் வைத்து டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். “சொல்லுங்க நங்கையா” என்றது அந்த மெல்லிய குரல்.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பெரியப்பா சிரிக்கத் தயாராகவே உட்கார்ந்திருந்தார், உதடு கொஞ்சம் விரிந்து. முட்டி வலி ஒன்று. மணவறை தாங்காது ஒன்று. சேலை பயந்துக்கும் ஒன்று. மூன்றும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. எதைச் சொன்னாலும் எல்லாருக்கும் நல்லது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கா. எழுதச் சொன்ன தாளில் பேனா நின்ற இடம் எனக்குத் தெரியும்.

“நானே நிக்கறேன் பிரேமா” என்றேன்.

பெரியப்பாவின் உதடு அப்படியே விரிந்து நின்றது. அவரைப் பார்த்துச் சொன்னேன்: “எனக்கு நிக்கோணுமுங்க பெரியப்பா. நிச்சயத்தன்னிக்கே நிக்கோணும்னுதான் இருந்துச்சு. முட்டி வலியெல்லாம் பொய்யுங்க.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. யாரோ பக்கத்து வீட்டுக்காரி பேசுகிற மாதிரி.

போனில், “சரிங்க நங்கையா” என்றது பிரேமா. வைத்துவிட்டது.

பெரியப்பா டீயைப் பாதியில் வைத்து எழுந்தார். “எல்லாரும் ஒரு முடிவோடதான் இருக்கீங்க” என்று செருப்பைத் தேடினார். செந்தில் மட்டும் வாசலில் திரும்பினான்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லக்கா?”

“நீ கேட்டயா?”

வண்டியில் பெரியப்பா ஹார்னை அமுக்கினார். போய்விட்டான்.

ஆவணி 14, சனி

ஒத்துக்கொண்டார்கள். எனக்காக இல்லை. பொண்ணு போய்விடுமோ என்ற பயம். பதினோரு வருடம் தேடின பயம். இதே செந்திலுக்குப் பொண்ணுகள் வரிசையில் நின்றிருந்தால் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் அனுப்பியிருப்பார்கள், பிரேமாவையும் சேர்த்து. தெரிந்துதான் நிற்கப் போகிறேன்.

அருமைக்காரர் சொன்னதாகச் செந்தில் சொன்னது: “பொண்ணூட்டுக்காரங்களுக்குச் சம்மதம்னா எனக்கென்னங்க. ஆனா நான் சொல்லித்தான் நடந்துதுன்னு மட்டும் எங்கயும் சொல்லிப்போடாதீங்க.”

சுமதி கத்தரிப்பூப் பட்டைப் பையன் கையில் கொடுத்தனுப்பிவிட்டாள். அவள் வரவில்லை. போன் செய்தேன். எடுத்தாள்.

“சுமதி, இது உனக்கு எடுத்தது. நீயே கட்டு. நான் வேறொண்ணு கட்டிக்கறேன்.”

“எனக்கு எதுக்குங்கக்கா. ரவிக்க தெச்சு வெச்சிருக்கறேன், அது மட்டும் உங்களுக்குப் பத்தாது.” கோபமா கிண்டலா தெரியவில்லை. என்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

நடு நடுவே பயம். அதுகளுக்கு நாளைக்கு ஒரு ஜுரம் வந்தாலும் இந்தக் கைதான் காரணம் என்பார்கள். பிள்ளை தள்ளிப் போனாலும் இந்தக் கைதான். கதையில் என்றால் அடுத்த பாகத்தில் சரி செய்துவிடலாம்.

அந்த அடுத்த பாகத்தை எழுத வரவில்லை. கா. கேட்டாள், “செல்லாத்தா நின்னாளா இல்லையாக்கா?” தெரியாது என்றேன். எனக்கே தெரியாமல் அவள் ஒன்று செய்யப் போகிறாள் என்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

கா. ரவிக்கை இரவல் தந்தாள். கை இறுக்கம். பிரித்துத் தைத்தேன்.

ஆவணி 16, திங்கள்

கல்யாணம். சங்ககிரி ரோட்டு மண்டபம். மழை இல்லை. மைக் சரியில்லை.

இணைச்சீருக்குக் கூப்பிட்டபோது சத்தம் கொஞ்சம் குறைந்தது. முழுக்கக் குறையவில்லை, பந்திக்கு இலை போடுகிற சத்தம் இருந்தது. முன் வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். சாப்பிடப் போனார்களோ என்னவோ, நான் பார்த்தவரை பந்தி ஆரம்பிக்கவில்லை. பெரியப்பா கடைசித் தூணுக்குப் பக்கத்தில். சுமதி பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுவரை எனக்குத் தெரியும், அதற்கு மேல் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏறினேன். மணவறை தாங்கியது.

கூறைச்சேலையைப் பிரித்து ஒரு முனையைச் செந்தில் கையில் கொடுத்தார்கள், ஒரு முனையை என் கையில். அருமைக்காரர் என் முகத்தைப் பார்க்காமலே எல்லாம் செய்தார். சரியாகத்தான் செய்தார். செந்திலுக்கு நெற்றி வேர்த்துச் சந்தனம் இறங்கியது. பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான் தெரிகிறது, என்னைவிட ஒரு சாண் உயரம். எப்போது வளர்ந்தான்?

“அக்கா” என்றான், உதட்டை அசைக்காமல், சபையைப் பார்த்தபடியே. “நாங் கேட்டிருக்கோணும்.”

நான் என் முனையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தேன்.

“இத்தன இறுக்கமாப் புடிக்காதக்கா. சேல கசங்குது.”

கசங்கட்டும் என்று பிடித்துக்கொண்டேன்.